மணமகளின் கையொப்பம்

இடம்பெயர்ந்து வந்து வட்டுக்கோட்டைப் பகுதியில் குடியிருக்கும் கமக்காரக் குடும்பமொன்றில் கலியாணம் நிச்சயமானால், சீதனத்தைப் பற்றி ஊரே கதைக்கிறது. மணப்பெண்ணின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் மிகக் குறைவு. அவளுக்கு மகிழ்ச்சி உண்டு, அச்சமும் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பத்தின் பிள்ளைக்குச் சொந்த ஊர் என்பதே பெற்றோர் சொல்லக் கேட்ட கதைதான். இப்போது தகப்பனின் பெயரும் மாறிக் கணவனின் பெயர் முன்னால் வரப்போகிறது. "இனி நான் ஆர்?" என்று அவள் கலங்குவதை வெறும் கூச்சம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இக்கலக்கத்துக்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே கொள்கிறது. எங்கள் வழமை பெண்ணுக்குக் காணி கொடுத்த வழமை என்று பெரியவர்கள் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்கவும் ஈடு வைக்கவும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் தனிச் சொத்தை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. கலியாணத்துக்கு முதல் நாள் வரை தனியே கையொப்பமிடக் கூடியவள், மறுநாள் முதல் அவ்வுரிமையை இழக்கிறாள்.

வலிகாமம் வடக்குக் காணிகள் 2009க்குப் பின்னர் கட்டங் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. காணியை மீட்டவர்கள் கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் பணம் தேடுகிறார்கள். கணவன் காணாமற்போன பெண் காணியை ஈடு வைக்க எங்கே கையொப்பம் வாங்குவாள்? கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலும், அவன் கைவிட்டுப் போனாலும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும் மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்கலாம் என்று அதே சட்டம் கூறுகிறது. இதை அறியாத பெண்கள் பலர்.

இலங்கை 1981இலேயே பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. சொத்தில் கணவன் மனைவிக்குச் சம உரிமை வேண்டும் என்று அது சொல்கிறது. எனினும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களை அப்படியே செல்லுபடியாக்குகிறது. வழமையைக் கைவிடும்படி நாம் கேட்கவில்லை. பெண்ணுக்குக் காணி கொடுத்த வழமை, அதை ஆளும் உரிமையையும் கொடுக்கட்டும் என்றே கேட்கிறோம்.

திருச்சபையின் சட்டப்படி இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அச்சம்மதத்தை வேறெவரும் அவர்களுக்காகக் கொடுக்க முடியாது. ஆகவே ஓலை வாசிக்கு முன் பங்குத்தந்தை பெண்ணைத் தனியே சந்தித்து, அவள் மனத்தைக் கேட்டறிய வேண்டும். பெற்றோரே, சீதன உறுதியை மகளின் பெயரிலேயே எழுதுங்கள். இருவர் பெயரிலும் எழுதும்படி மாப்பிள்ளை வீட்டார் நெருக்கினால் இணங்காதீர்கள். நொத்தாரிசு உறுதியை அவளுக்கு வாசித்து விளக்கட்டும். மூலப்பிரதி அவளிடமே இருக்கட்டும். மணமகன்மாரே, சட்டம் உங்களுக்குத் தந்த மேலாண்மையை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

ஊரை இழந்த நாம், நம் பிள்ளைகள் தம்மையும் இழக்க விடலாமா?