இன்னும் வால்டாக்ஸ் கட்டுகிறோம்

புளியந்தோப்பிலிருந்து பேசின் பிரிட்ஜ் தாண்டி மின்ட் பக்கம் போனால் பழைய ஜெயில் ரோடு வரும். அங்கே ஒரு பூங்கா மதில் மேல் இருக்கிறது. பெயரே மாடிப் பூங்காதான். கீழே தாங்கி நிற்பது கும்பெனிக்காரர்கள் கட்டிய பழைய ஊர் மதில். 1769ல் ஹைதர் அலி படை வாசல் வரை வந்து மிரட்டிய பிறகு மும்முரமாக எழுப்பியது. செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்கப் பார்த்தார்கள். அந்த வரியின் பெயர்தான் இன்றைக்கும் வால்டாக்ஸ் ரோடு.

அந்த வரி இன்னும் வசூலாகிறது என்கிறேன் நான். சிரிக்காதீர்கள்.

மதிலுக்குப் பக்கத்துத் தெருவில் என் அத்தை வீடு. இரண்டு பையன்கள், மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாடியில் ஒரு ரூம் எடுக்கலாம் என்றால் முடியாது. மதில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010ல் திருத்திய சட்டப்படி சுற்றிலும் 100 மீட்டருக்குப் புதுக் கட்டடமே கூடாது. அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஒழுகுகிற கூரையைப் பழுதுபார்க்கக்கூட, வீடு 1992 ஜூனுக்கு முன்பே இருந்ததென்று காட்டி மனு போடணும். அத்தை ஓர் ஆபீசுக்குப் போனார். இன்னொரு ஆபீசைக் கை காட்டினார்கள். இப்போது கூரை மேல் நீல தார்ப்பாய்.

"அப்போ மதிலை இடிச்சிடலாமா?" என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு: இல்லை. சின்னத்தைச் சுற்றியுள்ள நிலத்துக்கும் பாதுகாப்பு வேண்டும். என் சண்டை அந்த 100 என்ற எண்ணோடு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் 100, நெரிசலான தெருவில் நிற்கும் மதில் துண்டுக்கும் 100. இது என்ன கணக்கு?

ரோமாபுரியைப் பாருங்கள். இத்தாலியின் 1939ம் ஆண்டுச் சட்டமே ஒவ்வொரு சின்னத்துக்கும் எவ்வளவு தூரம், என்ன கட்டுப்பாடு என்று தனித்தனியாக விதிக்க அதிகாரம் கொடுத்தது. அப்பியா சாலைக்கு 1965ல் சுமார் 2,500 ஹெக்டேரைப் பூங்காவாக ஒதுக்கினார்கள். (அங்கேயும் பணக்காரர்கள் திருட்டுத்தனமாக பங்களா கட்டினார்கள், அது வேறு கதை.) நம் சட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனி விதிமுறை எழுத வேண்டும் என்று 2010லேயே சொல்லிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்தும் பெரும்பாலான சின்னங்களுக்கு எழுதி முடிக்கவில்லை.

பெரிய இடத்துக்கு இடைஞ்சல் வந்தால் மட்டும் எல்லாம் வேகமாக நகர்கிறது. மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு மட்டும் அந்த 100 மீட்டரில் விலக்கு கேட்ட மசோதா 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நின்றுபோனது, நல்லவேளை. 2023ல் நம் உயர் நீதிமன்ற வளாகத்தில் வாகனம் நிறுத்துமிடம் கட்டக் குறுக்கே இருக்கிறதென்று, 17ம் நூற்றாண்டு டேவிட் யேல் கல்லறையையே நான்கு வாரத்தில் இடம் மாற்றச் சொல்லித் தனி நீதிபதி உத்தரவிட்டார். தொல்லியல் துறை அப்பீல் போனது. கார் நிறுத்தக் கல்லறையையே நகர்த்தச் சொல்ல முடியும். அத்தை மட்டும் ஒரு செங்கல் வைக்கக் கூடாது!

மாடிப் பூங்காவுக்கு முதலில் விதிமுறை எழுதட்டும். எந்தத் தெருவிலிருந்து மதில் தெரிய வேண்டும், எத்தனை மாடி வரை போகலாம், அஸ்திவாரம் எவ்வளவு தள்ளித் தோண்ட வேண்டும்? தெருக்காரர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதட்டும். அத்தை ஒரு மாடிக்கு மேல் கேட்கவே இல்லை.