வீடு இருக்கு, நாடு எங்கே?

யாழ்ப்பாணத்தில் ஒரு அண்ணன், தம்பி. 1990-ல் சண்டை முற்றியதும் இருவரும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு புரட்ட முடிந்த அண்ணன், ஏஜென்ட்டைப் பிடித்து பிரான்சுக்குப் போனார். காசில்லாத தம்பி படகேறி ராமேஸ்வரம் வந்தார். மண்டபத்தில் பதிவு செய்து, திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்து முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர் சொல்லாமல் எழுதினாலும், இப்படிப் பிரிந்த குடும்பங்கள் ஏராளம்.

அண்ணன் போய்ச் சேர்ந்தது சின்னக் கிராமம். பனி, குளிர், வாயில் நுழையாத மொழி. பக்கத்து வீட்டுக்காரரிடம் வணக்கம் சொல்லவே ஆறு மாதம் ஆகும். பிரான்சு ஒன்றும் சொர்க்கம் இல்லை. பலருடைய மனுவைத் தள்ளுபடி செய்த நாடுதான். ஆனால் அகதி என்று ஏற்றுக்கொண்டால் 10 வருட வசிப்பிட அட்டை உண்டு. மொழி கற்றுக்கொண்டால் குடியுரிமை கேட்கலாம். அவர் பிள்ளை அங்கேயே பிறந்து, 11 வயதுக்குப் பிறகு 5 வருடமாவது அங்கே வளர்ந்திருந்தால், 18 வயதில் பிரெஞ்சுக் குடிமகன்.

தம்பிக்கு மொழி பிரச்னை இல்லை. சோறு, சாமி, சினிமா எல்லாம் ஒன்றுதான். பிள்ளைகள் திண்டுக்கல் தமிழே பேசுகிறார்கள். 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 வீடுகளை முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். நல்ல காரியம், பாராட்டலாம். அதற்கு முந்தைய ஆண்டே 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். சரி, மறுவாழ்வு எங்கே? அந்த வீட்டில் பிறந்த பிள்ளை ஓட்டுப் போட முடியாது. இந்திய பாஸ்போர்ட் கிடையாது. என்ன படித்தாலும் அரசு வேலைக்கு மனுப் போட முடியாது.

காரணம், சட்டம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பே போதும். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். 2004 டிசம்பர் 3-லிருந்து, இன்னொருவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. உயிர் பிழைக்கப் படகில் வந்தவர் விசா வாங்கிக்கொண்டா வருவார்? 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் வாங்க மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போக வேண்டியிருந்தது. சட்டப்படி உரிமை இருந்தவருக்கே இந்தப் பாடு!

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு. இலங்கை இல்லை. கோயிலுக்குப் போகும் ஈழத் தமிழன் அவர்கள் கணக்கில் இந்து இல்லை போலிருக்கிறது. அதற்கு மாநிலங்களவையில் ஆதரவாக ஓட்டுப் போட்டது அ.தி.மு.க. 2004 முதல் 2013 வரை மத்திய ஆட்சியில் பங்கு வகித்த தி.மு.க.வும் இதைச் சாதிக்கவில்லை. ஓட்டு இல்லாதவனுக்காக எவன் மெனக்கெடுவான்?

2025 மே மாதம் ஒரு ஈழத் தமிழர் வழக்கில், இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்ற தொனியில் உச்ச நீதிமன்ற நீதிபதி சொன்னார். ஐயா, சத்திரத்தில் மூன்று நாள் தங்கலாம். முப்பத்தைந்து வருஷம் இருப்பவரை யாரும் வழிப்போக்கன் என்று சொல்வதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக நடவடிக்கை இல்லை என்றது மத்திய அரசு. தண்டனை இல்லை என்பது சலுகை. உரிமை வேறு.

'2009-லேயே போர் முடிஞ்சிருச்சே, திரும்பிப் போகட்டுமே' என்பவர்களுக்கு ஒரு கேள்வி. போக விரும்புகிறவரை மரியாதையாக அனுப்பி வையுங்கள், சரி. தோட்டனூத்தில் பிறந்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எந்த ஊரும் தெரியாத பிள்ளை எங்கே 'திரும்பி'ப் போகும்? பார்த்தே இராத ஊருக்குப் போவதற்குப் பெயர் திரும்புவதா?

அண்ணன் மகன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு வந்து, ஒரு டூரிஸ்ட்டாக பழனி முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். தம்பி மகன் அதே பழனிக்குப் பக்கத்தில் பிறந்தும் அந்நியன். பிறந்த பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்ல, தமிழ் ஒரு வார்த்தை தெரியாத பிரெஞ்சு கிராமத்துக்கு மனசு வந்தது. தொப்புள்கொடி உறவு என்று மேடைதோறும் முழங்கும் நமக்கு வரவில்லை.

இலங்கையையும் அந்தச் சட்டத்தில் சேருங்கள். இல்லையென்றால் இங்கே பிறந்தவர்களுக்காவது குடியுரிமை கொடுங்கள். அதுவரைக்கும் தொப்புள்கொடியை மேடையில் இழுக்காதீர்கள்.