கோள் சொல்ல ஒரு பையன்



போன வாரம் என்னிடம் படித்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில், "பள்ளிவாசலுக்குள்ள மாறுவேஷத்துல உளவு ஆளை வச்சா என்ன சார் தப்பு? நல்லவங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டார். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவில் இதைச் செய்தார்கள். 2006இல் கலிபோர்னியாவின் இர்வைன் நகரப் பள்ளிவாசலுக்கு கிரெய்க் மான்டே என்பவர் மதம் மாறியவர்போல் வந்தார். அனுப்பியது எஃப்.பி.ஐ. கூடவே தொழுதார், பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்தார். கடைசியில் அவரே குண்டு வைப்பதைப் பற்றிப் பேச்சை எடுத்தார். கேட்டவர்கள் பதறிப்போய் எஃப்.பி.ஐ.யிடமே புகார் கொடுத்தார்கள்! அவர் உள்ளே வரக்கூடாது என்று நீதிமன்றத்தில் தடையும் வாங்கினார்கள். பிறகு உண்மை தெரிந்து தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் அங்கே தீர்ப்பு வந்தது.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2019 ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி அவன் ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே முன்பு புகார் செய்திருந்தார்கள். ஏப்ரல் 4ஆம் தேதியே இந்தியாவும் தகவல் கொடுத்தது. சொல்ல ஆள் இருந்தது, காது கொடுக்கத்தான் ஆளில்லை. அப்போதைய ஜனாதிபதி 10 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி என் கதை. ஐந்தாம் வகுப்பில் ஒரு வருடம், ஒரு பையனை ரகசியமாகக் கோள் சொல்ல வைத்தேன். யார் பேசினார்கள், யார் பார்த்து எழுதினார்கள் என்று சாயங்காலம் வந்து சொல்வான். இரண்டே வாரத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. மதியம் அவனோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. என்னிடமும் யாரும் வாய் திறக்கவில்லை. அதே வகுப்பில் ஒரு சிறுமிக்கு வீட்டில் தினமும் அடி விழுந்தது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் தோழிகள் எல்லோருக்கும் முன்பே தெரியும். என்னிடம் சொல்லத்தான் பயம்.

1998 கோவை குண்டுவெடிப்பை நான் மறக்கவில்லை. ஒருவர்மேல் ஆதாரத்தோடு சந்தேகம் இருந்தால் அவரைக் கண்காணிக்கட்டும். சாமி கும்பிட வந்தவர்கள் எல்லோர் நடுவிலும் ஆளை விட்டால், நாளைக்கு நிஜமான ஆபத்தை ஓடிவந்து சொல்ல வேண்டியவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்தப் பையன் இன்று பெரிய ஆளாகியிருப்பான். இதைப் படித்தால், தம்பி, தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.