'ஆன்' இல்லாத திங்கட்கிழமை



கருத்தரங்கில் நம் மாணவர் ஒருவர் "ஐ வில் கம் மண்டே" என்று சொல்லிவிட்டால் போதும், பக்கத்தில் ஒரு சிரிப்பு எழும். 'ஆன் மண்டே' என்று சொல்லத் தெரியவில்லையே என்பது அச்சிரிப்பின் பொருள். தமிழ் வழியில் படித்து வந்தவர் அத்துடன் வாயை மூடிக்கொள்வார். அடுத்த முறை பாடத்தில் ஐயம் எழுந்தாலும் கேட்கமாட்டார். ஒரு சிறு முன்னிடைச்சொல் ஓர் அறிவியல் மாணவரை ஊமையாக்குவதா?

உண்மை என்ன? ஆங்கிலத்தில் கிழமைப் பெயர் தனித்து நின்றும் வினையைத் தழுவும். அமெரிக்காவில் இது அன்றாட வழக்கு. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு, குழப்பம் நேராத இடத்தில் கிழமைக்கு முன் 'ஆன்' வேண்டாம் என்றே விதிக்கிறது. ஆட்பெயரை அடுத்துக் கிழமை வந்தால் 'ஆன்' வேண்டும். இல்லையேல் 'கண்ணன் மண்டே' என்றொருவர் இருப்பதாகத் தோன்றிவிடும்!

பிரிட்டிஷ் எழுத்து நடை 'ஆன்' என்பதைப் பற்றி நிற்கிறது. நம் பாடநூல்களும் அவ்வழியே செல்கின்றன. ஆயினும் 'நெக்ஸ்ட் மண்டே', 'லாஸ்ட் மண்டே' என்பவற்றின் முன் 'ஆன்' சேர்ப்பதை அந்நடையும் ஏற்பதில்லை. ஞாயிறுதோறும் என்னும் பொருளில் வரும் 'சண்டேஸ்' என்பதற்கும் 'ஆன்' கட்டாயமன்று. அதன் இறுதி 'ஸ்' இன்று பன்மைபோலத் தோன்றினும், அவ்வழக்கின் வேர் பழைய ஆங்கிலத்தின் ஆறாம் வேற்றுமை உருபில் இருக்கிறது. ஜெர்மானியர் இன்றும் 'ஸோன்டாக்ஸ்' என்கின்றனர்.

நம் தமிழை நோக்குங்கள். "வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்கிறோம். 'வெள்ளிக்கிழமையில்' என்று எவரும் திருத்துவதில்லை. ஏழாம் வேற்றுமை காலத்தையும் குறிக்கும் என்றார் தொல்காப்பியர்; உருபு மறைந்து நிற்பதும் நம் இலக்கணம் அறிந்ததே. இவ்வூர்த் தெலுங்கரும் 'சோமவாரம் வஸ்தானு' என்பர். உருதுவோ 'பீர் கோ' என்று உருபு சேர்க்கும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழக்கு. இதில் உயர்வென்ன, தாழ்வென்ன?

1958-இல் மத்திய ஆங்கிலக் கழகம் தோன்றிய நகரம் இந்த ஐதராபாத். 2007 முதல் அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஆங்கிலம் கற்பிப்பதையே ஆராயும் ஊரில், அரைகுறை விதியைக் காட்டி ஒருவரையொருவர் அடக்கலாமா?

தேர்விலும் ஆய்வேட்டிலும் 'ஆன்' எழுதுவோம். அங்கு கேட்கப்படும் நடை அது. பேச்சில் அதை விட்டவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னவர் என்ன ஐயத்தோடு வருகிறார் என்று கேட்போம்.