நிரூபிக்கச் சொல்லாதீர்கள்



கடந்த சில மாதங்களாக அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கவலை திரும்பத் திரும்பத் தெரிகிறது. 2025 நவம்பரில் நியூயோர்க் நகரம் ஸொஹ்ரான் மம்தானி என்ற இளைஞரை மேயராகத் தெரிவு செய்தது. வீட்டு வாடகையையும் பஸ் கட்டணத்தையும் பற்றிப் பேச வேண்டிய தேர்தலில் அவர் முஸ்லிம் என்பதும் பெரும் பேச்சானது. அவருடைய குடியுரிமையைப் பறிக்க வேண்டும் என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினரே கேட்டார். "இந்த நாட்டில் எங்கள் பிள்ளைகளையும் ஒருநாள் இப்படிக் கேட்பார்களோ? வன்னியிலிருந்து வரும் சஞ்சிகைக்கு இதைப் பற்றிச் சொல்ல ஏதும் உண்டா?" என்று ஒரு தாய் எழுதியிருந்தார்.

உண்டு, தங்கச்சி. நிறையவே உண்டு. இந்த மாதப் பக்கத்தை உங்கள் கேள்விக்கே தருகிறேன்.

அமெரிக்காவின் அரசியலமைப்பு 1787 இல் எழுதப்பட்டபோதே, பதவி வகிக்க எந்தச் சமயச் சோதனையும் வைக்கக்கூடாது என்று அதில் எழுதிவிட்டார்கள். இருந்தும் 1960 இல் ஜோன் கென்னடி ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது, கத்தோலிக்கர் என்பதற்காக ஹூஸ்டன் நகரில் புரட்டஸ்தாந்து போதகர்கள் முன் நின்று, தான் பாப்பரசருக்குக் கட்டுப்பட்டு ஆளமாட்டேன் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதே காலத்தில் நம் ஊர்களைப் பாருங்கள். சைவர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த காங்கேசன்துறைத் தொகுதி, கிறிஸ்தவரான தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தை 1947 இலும், 1956 இலிருந்து தொடர்ச்சியாகவும் பாராளுமன்றம் அனுப்பியது. அவரைத் தந்தை என்று அழைத்தவர்கள் அவருடைய சமயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்தப் பெருமை நமக்கு இருக்கிறது. அதை நாம் பின்னாளில் எப்படிக் காத்தோம் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் கென்னடிக்கு முன்னே இன்னொரு சம்பவம் உண்டு. 1942 இல், ஜப்பானோடு போர் தொடங்கிய பின், ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 120,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அடுத்த ஆண்டு அவர்களுக்கு ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் காட்டி, ஜப்பானியப் பேரரசர் மேலுள்ள பற்றைக் கைவிடுவீர்களா என்று அதன் 28 ஆவது கேள்வி கேட்டது. அமெரிக்காவில் பிறந்த இளைஞர் "ஆம்" என்றால், அதுவரை பேரரசர் மேல் பற்று வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும். ஜப்பானில் பிறந்த பெற்றோருக்கோ அமெரிக்கக் குடியுரிமை பெறவே அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. அவர்கள் "ஆம்" என்றால் எந்த நாடும் இல்லாதவராவார்கள். "இல்லை" என்றவர்களைத் தனி முகாமுக்கு அனுப்பினார்கள். 1988 இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் கொடுக்கச் சட்டம் செய்தது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்று ஒன்று இருந்ததேயில்லை. பிறப்பையும் சமயத்தையும் பார்த்து விசுவாசம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் கதி இதுதான்.

இதை எங்கள் புளியங்குளத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏ9 வீதியிலிருந்து நெடுங்கேணிக்குத் திரும்பும் இந்தச் சந்தி 1997 இல் 'ஜெயசிக்குறு' படை நடவடிக்கையில் மாதக்கணக்கில் எரிந்தது. சமாதான காலத்திலும் ஓமந்தையில் இராணுவத்திடம் அடையாள அட்டையைக் காட்டி, கொஞ்சத் தூரம் தள்ளிப் புலிகளிடமும் காட்டித்தான் போய்வந்தோம். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யாருடைய ஆள் என்ற கேள்விகளோடுதான் இங்கே ஒரு தலைமுறை வளர்ந்தது.

1983 ஓகஸ்ட்டில், ஆடிக் கலவரத்தின் புகை அடங்குமுன், இலங்கை அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று பாராளுமன்ற உறுப்பினர் முதல் அரச ஊழியர் வரை சத்தியம் செய்ய வேண்டுமென்றது. அடிவாங்கிய மக்களிடம்தான் விசுவாசம் கேட்கப்பட்டது. அடித்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சத்தியம் செய்யாத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கமும் அவர்களில் ஒருவர். ஆறு வருடம் கழித்து, 1989 ஜூலை 13 இல், அதே அமிர்தலிங்கத்தைக் கொழும்பில் அவருடைய வீட்டில் வைத்துப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அரசுக்கு அவர் பிரிவினைவாதி. நம்மவர்களில் சிலருக்கு அவர் துரோகி. ஒரே மனிதரை இரு தரப்பும் தங்கள் தங்கள் தராசில் வைத்து, இரண்டிலும் குறைவு என்று தீர்ப்பளித்தன.

அடுத்த வருடம் நாம் கேள்வி கேட்கும் இடத்துக்கு வந்தோம். 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 அன்று அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நம் வன்னியின் முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களும் அப்படித்தான் போனார்கள். மொத்தம் 70,000 இற்கும் மேற்பட்டோர். சிலர் காட்டிக்கொடுத்தார்கள் என்ற சந்தேகத்துக்காக, தொட்டிலில் கிடந்த பிள்ளை வரை தண்டிக்கப்பட்டது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் இந்த வெளியேற்றத்தை நியாயப்படுத்தாமல், மன்னிப்பைப் பற்றியே பேசினார். ஆனால் வெளியேற்றப்பட்டவர்கள் தங்கிய புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் ஊர் திரும்பிக் காணி கேட்டபோது, நம்மில் பலருடைய முகம் மலரவில்லை. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. எழுதாமல் விட்டால் அமெரிக்காவைப் பற்றிப் பேச எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

"அப்படியென்றால் தீவிரவாதத்தைப் பற்றிப் பேசவே கூடாதா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலுமாகக் குண்டுகள் வெடித்து 270 பேர் வரை இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். இதைச் செய்தவர்கள் தங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லித்தான் செய்தார்கள். அதை மறைத்துப் பேசுவது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் அந்தக் கதையை முன்னுக்கிருந்து படியுங்கள். 2017 மார்ச்சில் காத்தான்குடியில், அந்தத் தாக்குதல்களை வழிநடத்திய சஹ்ரானின் கூட்டம் மோதியது சூஃபி முஸ்லிம்களோடு. அவனைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் முஸ்லிம்கள். 2019 ஜனவரியில் வணாத்தவில்லுவில் வெடிபொருட்கள் பிடிபட்டன. அந்த விசாரணைக்கு உதவிய முஸ்லிம் ஒருவர் மார்ச்சில் மாவனல்லையில் தன் வீட்டிலேயே தலையில் சுடப்பட்டார். எச்சரித்தவர்கள் இருந்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவர்கள் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்? 2018 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். உடனே முன்னாள் போராளி ஒருவர் கைதானார். பழைய இயக்கக்காரன், அதனால் அவன்தான் என்று முடிவாயிற்று. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் அந்தக் கொலைகளைச் செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்று தெரியவந்து, அவர் விடுதலையானார். ஒரு தமிழனின் பழைய அடையாளத்தின் மேல் விழுந்த சந்தேகம் உண்மையான கொலையாளிகளுக்கு ஐந்து மாத அவகாசம் கொடுத்தது. அடையாளத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது அநீதி மட்டுமில்லை, பாதுகாப்புக்கும் உதவாது என்பதற்கு இந்த நாட்டில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அதிலிருந்தும் பாடம் படிக்கவில்லை. அடுத்து முஸ்லிம்கள் முறை. மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பகுதியிலும் கடைகள் எரிந்தன. கண்டியில் ஒரு பௌத்த துறவி உண்ணாவிரதம் இருக்க, ஜூன் தொடக்கத்தில் இரண்டு முஸ்லிம் ஆளுநர்களும் அரசாங்கத்திலிருந்த முஸ்லிம் அமைச்சர்கள் ஒன்பது பேரும் பதவி விலகினார்கள். 2020 மேயில் அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், 'நவரசம்' என்ற தன் தமிழ்க் கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அந்த நூலில் வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்தன. ஒன்றரை வருடத்துக்கு மேல் சிறையிலிருந்து, 2023 டிசம்பரில்தான் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். நம் மொழியில் எழுதிய ஒரு கவிஞருக்காகத் தமிழ் எழுத்துலகம் இன்னும் உரக்கக் குரல் கொடுத்திருக்க வேண்டும்.

இனி நமக்கு நேர்ந்ததைப் பாருங்கள். நம் பக்கத்து வெடுக்குநாறிமலைக் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவு. ஆதிலிங்கேஸ்வரரை வழிபட்டவர்களைப் பொலிஸார் இழுத்துச் சென்றார்கள். எட்டுப் பேர் கைதாகி, 19 ஆம் திகதிதான் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அன்று நமக்கு வந்த கோபம் நேர்மையானது. அதே அளவு கோபம் 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சரத்து அலங்கார வளைவைத் தமிழ்க் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தபோதும் வந்தது. ஆனால் மதம் மாறியவன் தமிழனா என்று நம்மிடையே ஒருவர் கேட்கும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது? 2016 இல் வவுனியாவில் சிவசேனை என்ற பெயரில் ஒரு அமைப்பு தொடங்கியபோது, இந்த மண்ணுக்கு அப்படியொன்று தேவையா என்று நம்மில் எத்தனை பேர் வாய் திறந்து கேட்டோம்?

என் நிலைப்பாடு இதுதான். குற்றம் செய்தவரைப் பெயர் சொல்லிப் பிடியுங்கள். சாட்சியோடு நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். வெறுப்பைப் போதிப்பவர் நம் கோயில் வீதியிலோ, நம் சபையிலோ, நம் பள்ளிவாசலிலோ நின்றால் முதலில் நாமே எழுந்து மறுப்போம். அது வெளியாள் செய்யும் வேலையில்லை, வீட்டாரின் கடமை. ஆனால் ஒரு சமூகத்தையே வரிசையில் நிறுத்தி, நீ இந்த நாட்டுக்கு, இந்த இனத்துக்கு உண்மையானவன் என்று நிரூபி என்று கேட்கும் உரிமை அரசுக்கும் இல்லை, இயக்கத்துக்கும் இல்லை, நமக்கும் இல்லை. இரு பக்கமும் நின்று பார்த்தவர்கள் என்பதால், இதை உலகத்துக்கு முதலில் சொல்ல வேண்டியவர்களும் வன்னித் தமிழர்களே.

அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சிக்கு: உங்கள் பிள்ளையிடம் யாராவது அப்படிக் கேட்டால் பயப்பட வேண்டாமென்று சொல்லுங்கள். அந்த நாட்டின் அரசியலமைப்பே பிள்ளையின் பக்கம் நிற்கிறது. வகுப்பில் இன்னொரு பிள்ளையிடம், அது முஸ்லிமோ யூதரோ யாராக இருந்தாலும், அதே கேள்வி கேட்கப்படும்போது உங்கள் பிள்ளை எழுந்து பேசட்டும். அதற்கு அதிகத் தைரியம் வேண்டும். அதை நீங்கள்தான் ஊட்ட வேண்டும்.

இங்கிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1990 இற்கு முன் நம் ஊர்களில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். யாருடைய கடை எங்கே இருந்தது, யார் யாரோடு வயல் செய்தார்கள், அவர்கள் போன பிறகு அந்த வளவு என்ன ஆனது என்று நினைவிலுள்ளதை எழுதுங்கள். வெளியேற்றப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும், திரும்பி வந்திருந்தாலும் புத்தளத்திலேயே இருந்தாலும், தங்கள் கதையை எழுத அன்போடு அழைக்கிறேன். கோபத்தோடு எழுதினாலும் வெட்டாமல் பிரசுரிப்போம். அடுத்த இதழின் நடுப்பக்கங்களை உங்களுக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்
புளியங்குளம்