அன்னபேதியின் கணக்கு

மருத்துவர் எழுதித் தந்த இரும்புச் சத்து மாத்திரையை ஒரு மாதம் ஒரு கடையிலும் மறு மாதம் வேறொரு கடையிலும் வாங்கும் இல்லங்களில் ஓர் ஐயம் எழுவதுண்டு. ஓர் அட்டையில் உப்பின் எடை 300 மில்லிகிராம் அளவில் இருக்கும். மற்றொன்றில் 180 சொச்சமே இருக்கும். எடை குறைந்தது வலுவும் குறைந்தது என்றெண்ணி இரண்டு மாத்திரைகளை ஒருசேர விழுங்கத் துணிவோரும் உளர். அது சரியா என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

நம் பாட்டிமார் அன்னபேதி என்று அறிந்ததும், வடநாட்டுக் கடைகளில் கசீஸ் என வழங்குவதும் ஒரே பொருளே. இரும்பும் கந்தக அமிலமும் கூடி விளைந்த பச்சைப் படிகம் அது. பெரஸ் ஸல்பேட் என்பது அதன் இரசாயனப் பெயர். அதில் ஓர் இரும்பு அயனிக்கு ஏழு நீர் மூலக்கூறுகள் துணையாக உள்ளன.

வெற்றிலையைக் கவுளியாக எண்ணுவதுபோல், கண்ணுக்குத் தெரியாத அணுக்களை மோல் என்னும் அளவால் எண்ணுகின்றனர். 6.022-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையே ஏறத்தாழ ஒரு மோல். ஒரு மோல் இரும்பின் எடை 55.8 கிராம், ஒரு மோல் அன்னபேதியின் எடை 278 கிராம்.

இனிக் கணக்கைப் போடுவோம். 60 மில்லிகிராம் இரும்பை 55.8-ஆல் வகுத்தால் 1.075 மில்லிமோல். அதை 278-ஆல் பெருக்கினால் 299 மில்லிகிராம் அன்னபேதி ஆகிறது. உலர்த்தி ஆறு நீர் மூலக்கூறுகளை நீக்கிய உப்பின் மோல் எடை 170 மட்டுமே. ஆதலால் அதில் 183 மில்லிகிராம் போதும். நீங்கியது நீரேயன்றி இரும்பன்று! ஆகவே அட்டையில் ‘எலிமெண்டல் அயர்ன்’ என்றிருக்கும் எண்ணையே நோக்குதல் வேண்டும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. அன்னபேதியில் உள்ள இரும்பு அயனி இரண்டு எலக்ட்ரான்களை இழந்தது. அதன் வெளிக்கூட்டில் எஞ்சிய ஆறு எலக்ட்ரான்களுக்கு ஐந்தே இருக்கைகள். ஓர் இருக்கையில் இருவர் நெருக்குண்டு இருக்கின்றனர். ஒன்று வெளியேறினால் ஐந்துக்கும் தனித்தனி இடம் வாய்த்து நிலைபேறு மிகுகிறது. ஈரக் காற்றில் வைத்த பச்சைப் படிகம் பழுப்பாக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வாறு மாறிய பெரிக் இரும்பு, அமிலம் தணிந்த குடலில் துருவைப்போல் படிந்துவிடுமாதலால், உடல் அதனை எளிதில் ஏற்பதில்லை.

எலுமிச்சை, நெல்லிக்காய் ஆகியவற்றின் சி வைட்டமின், இழந்த எலக்ட்ரானை மீட்டுக் கொடுத்து இரும்பைக் கரைந்த நிலையிலேயே காக்கிறது. காப்பி, தேநீர் ஆகியவற்றின் துவர்ப்புப் பொருள்களோ இரும்பைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. எனவே, காலைக் காப்பிக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமேனும் இடைவெளி இருத்தல் நலம்.

ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். கடையில் விற்கும் அன்னபேதியை அப்படியே உட்கொள்ளலாகாது. வண்ணப் பூச்சுடைய மாத்திரைகளை மிட்டாய் என்றெண்ணிக் குழந்தைகள் பலவற்றை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரும். அவற்றைப் பூட்டிய அலமாரியில் வைத்தல் வேண்டும். மாத்திரையின் எண்ணிக்கையை மருத்துவரே முடிவு செய்யட்டும். அட்டையைச் சரியாகப் படிப்பது நம் கடமை.