கொரங்காட்டுக்குப் பொக்லைன் வேண்டாம்

மூலனூர்ப் பக்கம் நாலு ஏக்கர் கொரங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டை, நம்பி மாடும் செம்மறியும் வெள்ளாடும் வளர்க்கிறவள் நான். புதர் மண்டிவிட்டது என்று இங்கே பலர் பொக்லைனைக் கூப்பிடுகிறார்கள். சிலர் களைக்கொல்லி அடிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம், ஆடு மாட்டை முறையாக விட்டாலே போதும் என்கிறேன்.

பொக்லைன் புதரோடு கொழுக்கட்டைப்புல் தூரையும் பெயர்த்துவிடும். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெய்கிற சீமை இது. கோடையில் காய்ந்து கிடக்கும் அந்தத் தூர், ஐப்பசி மழை விழுந்ததும் தழைத்துவிடும். தூர் போன இடத்தில் பார்த்தீனியம்தான் முந்திக்கொண்டு வரும்.

மாடு நாக்கால் சுற்றி இழுத்து உயரமான புல்லை மேயும். செம்மறி குட்டைப் புல்லை ஒட்டக் கடிக்கும். வெள்ளாடோ தலை தூக்கிக் கொழுந்து தேடும். அதனால் புதர்ப் பக்கம் முதலில் வெள்ளாட்டை விடுங்கள். துளிர்க்கத் துளிர்க்கக் கடித்தால் செடி ஓய்ந்துபோகும். மிச்சத்துக்கு அரிவாள் போதும்.

சீமைக்கருவேலிடம் மட்டும் இது பலிக்காது. அதன் இலையை ஆடு மாடு பெரும்பாலும் ஒதுக்கும், காயை விரும்பித் தின்னும். விதை சாணத்தோடு விழுந்து காடெல்லாம் முளைக்கும். அதைக் காய்க்கும் முன்பே ஆள் வைத்து வேரோடு எடுத்துவிட வேண்டும். வெள்வேல் விதையும் இப்படித்தான் பரவுகிறது, ஆனால் அது நமக்கு லாபம். யாரும் நடாமலே நிழலும் கோடைத் தீவனத்துக்குக் காயும் கிடைக்கின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியம், நிலத்துக்கு ஓய்வு. எங்கள் மாமனார் காலத்திலேயே காட்டைக் கிளுவை வேலியால் நாலாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்றில் மேயும்போது மற்றவற்றில் புல் வளரும். கொழுக்கட்டை கதிர்விட்டு விதை உதிர்க்கும்வரை அந்தப் பக்கம் கடவைத் திறப்பதில்லை. புல் தேய்ந்த இடமாகப் பார்த்துப் படலை நகர்த்தி ராத்திரிப் பட்டி அடைக்கிறோம். புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே சேர்கின்றன. சின்னக் காடுதானே என்று ஒரே வெளியாக விட்டு வருஷம் முழுக்க மேய்ப்பவர்களின் காடுதான் சீக்கிரம் கட்டாந்தரையாகிறது.

வெளியூர்க்காரர் கண்ணுக்குக் கொரங்காடு தரிசு. மனை போடவும் காற்றாலை நடவும் கேட்டு வருகிறார்கள். கொரங்காடு மிஞ்ச வேண்டுமென்றால், தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்கு மானியம் தருகிற அரசு, கிளுவைப் போத்து நட்டு வேலி பிரிக்கிற கூலிக்கும் தரட்டும். அதையும் மழைக்கு முன்னால் தர வேண்டும். அப்போதுதான் போத்து வேர் பிடிக்கும்.